கிழக்கு மடை

"உங்க ரிப்போர்ட்டா? அது அப்பவே தாசில்தார் ரூமுக்குப் போயிடுச்சே சார்" என்று டைப்பிஸ்ட் பிரகதாம்பாள் சொன்னதும் இராஜாங்கம் தாசில்தார் ரூம் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்த புதிது. தாலுகா ஆபீஸில் தினமும் பத்துத் தகராறு. பஞ்சநதத்தின் நிலத்தில் பதினாறு வருஷமாகக் குத்தகைக்குப் பயிர் செய்வதாகக் காளியம்மாள் மனுக் கொடுத்திருந்தாள். பஞ்சநதமோ, "அவ வெறும் கூலியாள், சாகுபடி நான்தான்" என்றார். அவளிடம் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. நிலத்தைப் பார்த்து அறிக்கை எழுதவேண்டியது குமாஸ்தா இராஜாங்கத்தின் வேலை.

பன்னிரண்டு வருஷமாக அவன் "மேற்படி நிலமானது" என்றுதான் எழுதிவந்தான். இந்தத் தடவை பேனா வேறு பக்கம் போய்விட்டது.

காரணம் துரைராசு. பள்ளிக்கூட நாளில் துரைராசு மெட்டுப் போடுவான், இராஜாங்கம் பாட்டு எழுதுவான். சர்க்கார் வேலை வந்ததும் இவன் எழுதுவதை விட்டான். அரிசி மில்லுக்குப் போன பிறகும் அவன் கிளாரினெட்டை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினத்தில் அவனுடைய முதல் கச்சேரி. இராஜாங்கம் மரியாதைக்குத்தான் போனான். நடுவில் துரைராசு கண்ணை மூடிக்கொண்டு அவர்களுடைய பழைய மெட்டு ஒன்றை எடுத்தான். பல்லவியை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, சரணம் அப்புறம் என்று இராஜாங்கம் விட்டுப்போன மெட்டு. அந்தச் சரணத்தைத் துரைராசு வார்த்தையில்லாமலே, யாருக்கோ இடம் போட்டு வைத்ததுபோல, நிதானமாக வாசித்தான். இராஜாங்கம் கைக்குட்டையைத் தேடினான்.

மறுநாள் அறிக்கை எழுத உட்கார்ந்தான். மடை எந்தத் திசையில் என்பதோடு வாக்கியம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. முடிவு இப்படி வந்துவிட்டது: "தண்ணீர் ஓசையில்லாமல் நுழைந்து, ஒற்றைப் புங்கமரத்தின் நிழலை நனைத்துவிட்டு, அதன் பிறகே நாற்றிடம் போகிறது."

தாசில்தார் கூப்பிட்டு அனுப்பினார். "என்னய்யா இது? நிழல் எப்படிய்யா நனையும்?"

பயத்தில் இராஜாங்கத்தின் வாய் முந்திக்கொண்டது. "அது என் வார்த்தை இல்லீங்க சார். பார்ட்டிங்க சொன்னது."

"எந்தப் பார்ட்டி?"

"ரெண்டு பேரும்தான் சார்."

"இந்தக் கேஸ்ல ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட விஷயம் ஒண்ணாவது இருக்கா! நல்லது. இதைத் தனித் தாள்ல டைப் பண்ணச் சொல்லு. வியாழக்கிழமை விசாரணையில படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கிடலாம்."

இராஜாங்கம் காகிதத்தைப் பிரகதாம்பாளிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. இரண்டு தடவை படித்தாள். "நல்லாயிருக்கு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மிஷினில் தாளைச் செருகினாள்.

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு காளியம்மாளிடம் ஓடினான். களை பறித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"படிச்சதும் ஆமான்னு தலையாட்டிடுங்கம்மா. என் வேலையே உங்க தலையிலதான் இருக்கு."

"என் நெலமே உங்க கையில இருக்கு. தலையாட்டுறதா பெரிசு? ஆட்டிடறேன், போங்க."

திரும்பும் வழியெல்லாம் அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்காகப் பேசவேண்டியவன் அவளையே பொய் சொல்லக் கேட்டுவிட்டு வருகிறான். பஞ்சநதத்திடம் போகத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை தாசில்தார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "கிழக்கு மடையைத் திறந்ததும், தண்ணீர் ஓசையில்லாமல் நுழைந்து..."

இராஜாங்கத்துக்குத் திக்கென்றது. கிழக்கா? அவன் பார்த்த மடை மேற்கில் அல்லவா இருந்தது? கிளாரினெட் மயக்கத்தில் திசையையே மாற்றி எழுதிவிட்டானா?

பஞ்சநதம் மெய்மறந்து கேட்டார். "பிரமாதம்! அச்சு அசலா அப்படியேதான். அந்தக் கிழக்கு மடையை என் கையால எத்தனை தடவை திறந்துவிட்டிருக்கேன்!"

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

காளியம்மாள் தலையாட்டத் தொடங்கினாள். பாதியில் கழுத்து நின்றுவிட்டது. இராஜாங்கத்தைப் பாவமாகப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்குங்கய்யா, என்னால ஆட்ட முடியல. கிழக்கால மேடுங்க. தண்ணி என்ன ஏணி வச்சா ஏறும்? மடை மேற்காலல்ல இருக்கு! அதோட பலகைகூட ஒரு ஓரம் உளுத்துப்போயி, நான்தான் கோணி திணிச்சு வச்சிருக்கேன்."

தாசில்தார் நில வரைபடத்தை விரித்தார். விரலை மேற்கே கொண்டுபோய் நிறுத்தினார். பிறகு பஞ்சநதத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"மடை எங்கே இருக்குன்னே தெரியாம எப்படிங்க சாகுபடி பண்ணினீங்க?"

பஞ்சநதம் துண்டை மடிப்பதில் மும்முரமானார்.

பதிவேட்டில் பெயர் ஏறியது. காளியம்மாள் கைநாட்டு வைத்தாள். பெருவிரலில் ஒட்டிய மையைத் துடைக்காமல், விரலைத் தனியாகத் தூக்கிப் பிடித்தபடியே படி இறங்கிப் போனாள்.

இராஜாங்கம் பிரகதாம்பாளின் மேசைக்கு வந்து நின்றான். சந்தோஷம்தான். ஆனாலும் நெஞ்சில் ஏதோ உறுத்தியது.

"தப்பு நல்லதா முடிஞ்சது, சரி. ஒரு கச்சேரி கேட்டதுக்கே மேற்கைக் கிழக்குன்னு எழுதற புத்தி பாருங்க. இனிமே எனக்கு 'மேற்படி'யும் 'கீழ்க்கண்ட'வும் போதும். சரணத்துக்காகக் காத்திருக்க வேணாம்னு துரைராசுக்குக் கார்டு போட்டுடப் போறேன்."

பிரகதாம்பாள் மேசை இழுப்பறையைத் திறந்து, அவன் கைப்பட எழுதிய தாளை எடுத்து முன்னால் வைத்தாள். அந்த வாக்கியத்தின் முதல் வார்த்தை 'மேற்கு' என்றுதான் இருந்தது.

"நீங்க சரியாத்தான் எழுதியிருந்தீங்க சார்" என்றாள் அவள். "பதினோரு வருஷமா அடுத்தவங்க எழுதினதையே அடிச்சிட்டிருக்கேன், அந்தக் 'கிழக்கு' மட்டும் நானா எழுதினது."