நண்டு வள்ளத்தில் வந்த மாப்பிள்ளை

மூன்று கிழமை மட்டும் கோடிங் படித்தவனிடம் கலியாண வேலை எதையும் ஒப்படைக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன், அந்த மூன்று கிழமைக்காரன் நான்தான்.

அக்காவின் கலியாணம் வேலணையில். மாப்பிள்ளை அனலைதீவு. காலை எட்டரைக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிவர ஊர்காவற்றுறையில் மூன்று படகுகள் பிடித்திருந்தோம். ஓட்டிமாரின் போனுக்கு நேரம் அனுப்ப நானே ஒரு அப், அதாவது செயலி, எழுதினேன். "ஓட்டிமாருக்கு ஒருத்தரும் போன் எடுக்கப்படாது. எல்லாம் என்ர அப்பில வரும்" என்று வீட்டில் சட்டம் போட்டேன். (அப்பா அன்றைக்கே நெற்றியைத் தடவினார்.)

அப்பில் படகு என்பது ஒரு ஸ்ட்ரக்ட்: பெயர், ஓட்டி, நேரம் மூன்றையும் கட்டிவைத்த சிறு பொதி. அதை உருவாக்கும் இனிஷலைசரில் நேரத்தை வெறுமையாக விட்டால் கணினி கத்துகிறதே என்று, சும்மா எட்டு மணி போட்டுவைத்தேன். பிறகு ஒவ்வொரு படகாக எடுத்து ஆறு மணியாக்கினேன். 'மாற்றியாச்சு' என்று பச்சை எழுத்தில் வந்தது. (மாறினாலும் மாறாவிட்டாலும் அப்படிக் காட்டும்படி எழுதியதும் நானே.)

ஸ்ட்ரக்டை வெளியே எடுத்தால் கையில் வருவது நகல்தான் என்பது நான் இன்னும் படிக்காத நாலாம் கிழமைப் பாடம். நகலில் ஆறு மணி. பட்டியலில் கிடந்த மூலத்தில் எட்டு மணியேதான்.

எங்கள் வழக்கப்படி பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளையைக் கூட்டிவருவது அவன் பொறுப்பு என்று முதல்நாளே அங்கே போய்விட்டேன். ஆறு மணிக்கு அனலைதீவுத் துறையில் நிற்கிறோம். தலைப்பாகையோடு மாப்பிள்ளை, கூறைத் தட்டத்தோடு அவருடைய தங்கச்சி, மடிக்கணினியோடு நான், பின்னால் சொந்தபந்தம். கடலில் ஒரு படகும் இல்லை. என் சட்டத்தை நானே மீறிப் போன் எடுத்தேன்.

"அண்ணை, எங்க நிக்கிறியள்?"

"வீட்டில, தம்பி. உம்மட அப்பில எட்டு மணி எண்டெல்லோ கிடக்கு. இனி எண்ணெய் அடிச்சு வர எப்பிடியும் எட்டாகும்."

வைத்த கையோடு அக்காவின் அழைப்பு. "டேய், அவர் ஏறிட்டாரோ?"

"ஓம்... ஏறின மாதிரித்தான்."

"மாதிரியோ?"

அந்த நேரம் பார்த்து நண்டு வலை இழுத்துக்கொண்டு ஒரு வள்ளம் வந்தது. கைகாட்டி மறித்தேன். வள்ளக்காரர் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். "சாக்கில இரும் தம்பி. நண்டெல்லாம் கட்டித்தான் கிடக்கு." (ஒன்று கட்டப்படவில்லை. அதைக் கண்டுபிடித்தது பட்டு வேட்டி.)

மாப்பிள்ளை, தங்கச்சி, நான் மூவருக்குத்தான் இடம். நடுக்கடலில் மடிக்கணினியைத் திறந்தேன். அதில் உப்புத்தண்ணி தெறிக்காமல் கலியாணக் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் மாப்பிள்ளை.

"மச்சான், உந்த அப்பை இப்ப திருத்தத்தான் வேணுமோ?"

"பின்னேரம் நீங்கள் திரும்பிப் போறதுக்கும் இந்த அப்தான், அத்தான்."

குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார். "அப்ப வடிவாத் திருத்தும்."

நாலாம் கிழமைப் பாடத்தை அங்கேயே திறந்து படித்து, நான் மாற்றியது வெறும் நகலைத்தான் என்று அத்தானிடமும் ஒப்புக்கொண்டேன். நகலை விட்டுப் பட்டியலிலேயே நேரத்தை மாற்றினேன். இனிஷலைசரிலிருந்த எட்டு மணியையும் அழித்தேன். இனி நேரம் சொல்லாமல் ஒரு படகும் பிறக்காது.

முகூர்த்தம் முடிய எட்டு நிமிடம் இருக்கையில் தாலி ஏறியது. ஓமப் புகையையும் தாண்டி நண்டு மணத்தது. பத்து மணிக்கு வந்து சேர்ந்த சொந்தபந்தம் தாலிகட்டை வீடியோவில் பார்த்தது.

இன்றுவரை என் 'மாற்றியாச்சு'வை வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. போன கிழமை அக்கா வீட்டுக் குசினியில் பல்பு மாற்றிவிட்டு அதையே சொன்னேன். அத்தான் கதிரையை விட்டு எழும்பி வந்து, சுவிட்சை இரண்டு தரம் போட்டுப் பார்த்தார். எரிந்தது.

"ஓமப்பா," என்று உள்ளே நின்ற அக்காவுக்குக் குரல் கொடுத்தார், "இது நகல் இல்லை."