ஒன்பது புள்ளி நாலுக்கு ஓர் அண்ணன்

"சுகர் தொண்ணூத்தெட்டு டாக்டர். நார்மல்தானே?"

ரிசல்ட் தாளை நீட்டினார் ஓய்வு பெற்ற டைப்பிஸ்ட். முந்தின நாள் மதியத்திலிருந்து வெறும் தண்ணீரைக் குடித்துச் சம்பாதித்த தொண்ணூற்றெட்டு அது.

டாக்டர் தாளின் அடிவரியில் விரலை வைத்தார். "அது இன்னிக்குக் காலைல, வெறும் வயித்துல. இதப் பாருங்க, ஒம்பது புள்ளி நாலு."

"அது இன்னும் கம்மியாச்சே டாக்டர்."

"இது வேற அளவு. மூணு மாசமா சுகர் எப்படி இருந்துச்சுன்னு சராசரியாச் சொல்லும். பொதுவா ஏழுக்குக் கீழ இருக்கணும். ஒரு நாள் பட்டினி கிடந்து இத ஏமாத்த முடியாது."

டைப்பிஸ்ட்டின் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி போன இந்த ஐந்து வருடத்தில், அவர் எப்படி இருக்கிறார் என்று மூன்று மாதம் சேர்ந்தாற்போல் கவனித்தது அவருடைய ரத்தம் மட்டும்தான். அதுவும் இப்படிப் போட்டுக் கொடுத்துவிட்டது.

"இன்சுலின் ஆரம்பிக்கணும். திடீர்னு சுகர் இறங்கினா பாத்துக்க வீட்ல ஆள் இருக்காங்களா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "அண்ணன் இருக்கார். வெளியிலதான் உட்காந்திருக்கார்."

"நல்லதாப் போச்சு. கூப்பிடுங்க, சொல்லிக் கொடுத்துடறேன்."

வெளியே ஹாலில் எல்லோரும் மகளோடும் மருமகனோடும் வந்திருந்தார்கள். மூலையில் ஒருவர் மட்டும் மடியில் ஃபைலோடு தனியாக இருந்தார். டைப்பிஸ்ட் அவரிடம் போய்க் குனிந்தார்.

"சார், ஒரு பத்து நிமிஷம் எனக்கு அண்ணனா இருக்க முடியுமா?"

அவர் ஏற இறங்கப் பார்த்தார். "உங்க வயசு என்ன?"

"அறுபத்தாறு."

"எனக்கு அறுபத்தஞ்சு." எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "பரவாயில்ல, வாடா."

உள்ளே போனதும் அந்த மனிதர் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "சொன்னா கேக்கறதே இல்ல டாக்டர். ஒரு ஆளுக்கு என்னத்தச் சமைக்கறதுன்னு ராத்திரி பிஸ்கட்ட டீல தொட்டுத் தின்னுட்டுப் படுத்துடறான். மாத்திரை போட்டோமா இல்லையான்னு ஞாபகம் இருக்காது. கேக்கவும் யாரும்..." அதோடு நிறுத்திக்கொண்டு தன் ஃபைலைப் புரட்டினார்.

அத்தனையும் உண்மை. இந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது என்று டைப்பிஸ்ட் திகைத்தார். உரிமையோடு ஒருவர் திட்டிக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரே வீட்லதான இருக்கீங்க?" என்றார் டாக்டர்.

"பின்ன?" என்றார் அண்ணன், கூசாமல். டாக்டர் சொன்னதையெல்லாம் தன் ஃபைலின் அட்டையில் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் டைப்பிஸ்ட் கைகூப்பினார். "ரொம்ப நன்றி சார். நான் கிளம்பறேன்."

அவர் டைப்பிஸ்ட்டின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "இருடா, என்ன அவசரம்?"

அதற்குள் பக்கத்து டாக்டரின் அறையிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து அண்ணனிடம் சொன்னாள்:

"வீட்டாள் இல்லாம ஊசி ஆரம்பிக்க முடியாதுன்னு மூணு தடவ உங்களத் திருப்பி அனுப்பினோம், இன்னிக்காவது தம்பியக் கூட்டிட்டு வந்தீங்களே, ரெண்டு பேரும் உள்ள வாங்க."