கானுக்கு வலை கட்டியவர்

மழைத்தண்ணீர் ஓடுவதற்கென்று தெருவோரம் ஒரு கான் வெட்டினால், அதன் கரையில் தானாக முளைக்கிற மனிதர் ஒருவர் உண்டு. அவரைக் குப்பை போடுகிறவர் என்று சொல்லிவிடாதீர்கள், கோபம் வரும். அவர் சுத்தக்காரர். தெருவிலேயே அவருடைய வாசல்தான் துப்புரவு. அவருக்குள்ள குறை ஒன்றே ஒன்று: கழுத்து ஒரு பக்கம்தான் திரும்பும். கானில் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தை மட்டும் பார்ப்பார். எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால், "கடலுக்குத்தானே" என்பார்.

இவரைப் பார்க்க நான் தூரத்துக்குப் போகத் தேவையில்லை. மன்னார்ப் பட்டினத்தில் எங்கள் ஒழுங்கைத் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார். பெயர் நவரத்தினம். அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர்.

எங்கள் தீவில் மேடும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியாது. மழை பெய்தால்தான் யார் மேலே, யார் கீழே என்று தெரியவரும். ஒழுங்கையின் தலைப்பில் றம்ஸீனின் கடை. கடைசிக்கு முந்தின வீடு நவரத்தினம் ஐயாவுடையது. கடைசி வீட்டில் ஆமினா இருக்கிறாள். அவளுடைய வேலியோரத்தில் கானின் சீமெந்து முடிந்துவிடும். அதன் பிறகு தண்ணீர் மண்ணில் ஊறி, மிச்சம் கடலுக்குப் போகும். வேலியிலிருந்து நாலு எட்டில் அவளுடைய கிணறு. அந்தத் தண்ணீரில்தான் ஒவ்வொரு நாளும் விடியுமுன் இடியப்பம் அவித்து மூன்று கடைகளுக்குக் கொடுக்கிறாள். கிணறு கெட்டால் அடுப்பு அணையும், அவ்வளவுதான். இது எல்லாருக்கும் தெரியும். நவரத்தினம் ஐயாவுக்கும் தெரியும். காலையில் அவர் சாப்பிடுவதும் அந்த இடியப்பம்தான்.

காலை ஆறு மணிக்குச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வாசலுக்கு வருவார். வேப்பஞ்சருகைக் கூட்டுவார், சருகோடு கிடந்த, கடையில் தந்த சொப்பின் பையைக் கூட்டுவார், மனைவி பூமணி அக்கா முந்தின நாள் கழுவிய மீனின் செதிலையும் குடலையும் சட்டியோடு கொண்டுவந்து கவிழ்ப்பார், மருந்து முடிந்த குளிசை மட்டை, அறுந்த செருப்பு வார், உடைந்த பிளாஸ்டிக் கரண்டி எல்லாவற்றையும் ஒரு குவியலாக்கி, முதல்நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூட்டிப்போவதுபோல மெல்ல மெல்லக் கானின் விளிம்புவரை கொண்டுபோய், ஒரு தள்ளு. பிறகு இரண்டு வாளி தண்ணீர். போய்விட்டது.

எங்கே போய்விட்டது? அதுதான் சொன்னேனே, கடலுக்கு.

கையைக் கழுவிவிட்டு இடுப்பில் ஊன்றிக்கொண்டு மேல் பக்கம் பார்ப்பார். அந்த வழியால் யார் போனாலும் பிடித்துக்கொள்வார்.

"பாத்தீங்களோ, மேலால எவ்வளவு குப்பை வருகுது! எங்கட சனம் திருந்தாது."

மாரிக்கு முன்னர் கான் துப்புரவாக்க ஊர்கூடிச் சிரமதானம் வைத்தால் மண்வெட்டியோடு முதல் ஆளாக நிற்பவரும் அவரே. அதை ஊன்றிக்கொண்டு நிற்பதோடு சரி, ஆகையால் அவருடைய மண்வெட்டி தேய்வதில்லை. கைப்பேசியில் படம் எடுப்பார்கள். பிளேன்ரீயும் பணிஸும் வரும். கானைத் துப்புரவாக்கிய களைப்பில், பணிஸ் சுற்றி வந்த பைகளை எல்லாரும் கானுக்குள்ளேயே போட்டுவிட்டுப் போவார்கள். கானுக்கும் வெறுமையாகக் கிடக்கக் கூச்சமாக இருக்கும் அல்லவா?

போன ஐப்பசியில் ஐயாவுக்கு ஒரு யோசனை வந்தது. தலைமன்னாரில் இருக்கிற மைத்துனரிடம் பழைய மீன்வலைத் துண்டொன்றை வாங்கிவந்து, தன்னுடைய மதில் தொடங்குகிற இடத்தில் கானுக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டினார். மேல் வீட்டுக் குப்பை இனி அவர் வாசலுக்கு வராது. வலையில் தங்கியதெல்லாம் மேல் வீட்டுக்காரரின் படலையடியில் குவிந்தது. அந்த மனிதர் கத்திக்கொண்டு வந்தார். ஐயா பதறவில்லை.

"நீங்களும் உங்களுக்கு மேல ஒண்டு கட்டுங்கோவன்."

அவர் கட்டினார். அவருக்கு மேலிருந்தவரும் கட்டினார். இரண்டு கிழமைக்குள், மீன்பிடிப்பைக் கானிலேயே பார்த்துக்கொள்ளத் தீர்மானித்த ஊர்போல எங்கள் ஒழுங்கை ஆகிவிட்டது. அதில் ஓர் அதிசயமும் நடந்தது. தான் போட்ட குப்பை தன் வாசலிலேயே நின்று தன் முகத்தைப் பார்ப்பதைக் கண்டவர்கள், வேறு வழியில்லாமல் அதை அள்ளி, குப்பை ஏற்ற வருகிற நகரசபை உழவு மெசின் பெட்டியில் போடத் தொடங்கினார்கள்.

ஆமினாவும் ஒரு வலைத்துண்டோடு வந்தாள்.

"நீ கட்டாதே பிள்ளை," என்றார் ஐயா. "கடைசியில கட்டினா தண்ணி ஓடாது. எனக்கு வாசல் முழுக்கச் சேறாப் போகும். மேலால இனி ஒண்டும் வராது. என்ர வலையைத் தாண்டி ஒரு இலை வராது. நான் பொறுப்பு."

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. ஆமினாவின் வேலியடியில் கான் அடைத்து, நிரம்பி, ஊத்தைத் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கியது. நாலாம் நாள் காலையில் ஐயா இடியப்பத்தை முகர்ந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். அன்றைக்கே, மேல் வீட்டாரின் பொறுப்பின்மையால் கிணறு மாசடைந்து பொதுமக்களின் உயிருக்கு ஆபத்து என்று கிளாக்கர் எழுத்தில் மூன்று பிரதி முறைப்பாடு போய்விட்டது.

சுகாதாரப் பரிசோதகர் லக்சன் போத்தலோடு வந்தார். கிணற்றுத் தண்ணீரை எடுத்தார். கானிலிருந்து ஆமினா கம்பால் இழுத்துப் போட்ட குப்பை, வேலியோரம் குவிந்து கிடந்தது.

"பாருங்கோ தம்பி, இவ்வளவும் மேலால வந்தது," என்றார் ஐயா.

"எப்பிடி வரும் ஐயா?" என்றாள் ஆமினா. அவள் சத்தமாகப் பேசி நான் அன்றுதான் கேட்டேன். "ஒழுங்கை முழுக்க வலை கட்டிக் கிடக்கு. உங்கட வலையைத் தாண்டி ஒரு இலை வராதெண்டு நீங்கதானே சொன்னீங்க?"

லக்சன் போய் வலையைப் பார்த்தார். ஓர் ஓட்டைகூட இல்லை. கோப்புக் கட்டிப் பழகிய கிளாக்கர் கை அல்லவா? திரும்பி வந்து கம்பை வாங்கிக் குவியலைக் கிளறினார். செதில், செருப்பு வார், குளிசை மட்டை. அவற்றுக்குக் கீழே யோகட் கப்புகள். ஒன்றிரண்டு அல்ல, ஒரு கடை வைக்கப் போதும்.

ஐயாவின் முகம் மலர்ந்தது. "இது எங்கட வீட்டுக் குப்பை இல்லை தம்பி. எனக்குச் சீனி வருத்தம். யோகட் எங்கட வாசல்படி மிதியாது."

வேடிக்கை பார்க்க வந்த கடைக்கார றம்ஸீன் கெட்டவன் இல்லை, யோசிக்காமல் பேசுகிறவன்.

"என்ன அண்ணன், பின்னேரத்தில ரெண்டு ரெண்டா எடுக்கிறீங்களே! நான் அக்காவுக்கெண்டல்லோ நினைச்சன்."

மதிலுக்கு மேலால் பூமணி அக்காவின் தலை தெரிந்தது.

"எனக்கோ? ஆஸ்பத்திரியில சீனி ஏறிப்போச்செண்டு சொல்ல, என்ர சமையலில பிழை எண்டெல்லோ டொக்டருக்குச் சொன்னவர்! உள்ளுக்கு வாங்கோ, கதைக்கிறன்."

நீங்கள் நினைப்பீர்கள், அன்றைக்கு நியாயம் வென்றுவிட்டதென்று. ஐயாவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. ஆமினாவுக்குத் தடை கிடைத்தது. லக்சனைக் குறை சொல்ல முடியாது. கெட்டுப்போனது கிணறு, அதைத்தான் மூட வேண்டும். இறைத்து, குளோரின் போட்டு, மறுபடி சோதித்துச் சரி என்று தாள் வரும்வரை ஒரு மாதம் அவளுடைய அடுப்பு எரியவில்லை. அதற்குள் மூன்று கடைகளில் இரண்டு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டன. மிஞ்சிய ஒரு கடைக்கு இப்போது அவிக்கிறாள். எதிரே கண்டால், "முந்தியைப்போல இடியப்பம் கிடைக்குதில்லையே பிள்ளை, இப்ப ஒருத்தருக்கும் வேலை செய்யக் கள்ளம்," என்கிறார் ஐயா.

அவர் திருந்திவிட்டார் என்பதையும் சொல்லவேண்டும். கானுக்குள் இப்போது ஒரு துரும்பு போடுவதில்லை. பின்னேரங்களில் வாய் கட்டிய பையொன்றை மோட்டார் சைக்கிளில் கொழுவிக்கொண்டு கீரிக் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறார். திரும்பி வரும்போது பை இருப்பதில்லை. ஒருநாள் அங்கே கரையில் நின்று, ஒதுங்கிக் கிடந்த பிளாஸ்டிக்கைக் காட்டி, "பாத்தியோ, இவ்வளவும் இந்தியாப் பக்கத்தால அடிச்சு வருகுது. அவங்கள் திருந்தமாட்டாங்கள்," என்றாராம். றம்ஸீன் சொல்லிச் சிரித்தான்.

நீங்களும் சிரித்திருப்பீர்கள். வாசிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் முகமும் மனதில் வந்திருக்கும். அவருடைய வீடு உங்கள் வீட்டுக்கு எந்தப் பக்கம்? மேல் பக்கம் என்றால் கொஞ்சம் பொறுங்கள். உங்களுக்குக் கீழ்ப்பக்கத்து வீட்டிலும் ஒருவர் இதை வாசித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் ஒரு முகம் வந்துவிட்டது.