பதினாறு கோரும் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரும்

இனி பல் டாக்டரிடம் தோற்பதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டே சபதம் எடுத்தேன்.

டாக்டர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பகலில் ஊராரின் பல்லைப் பிடுங்குவார். மாலை ஏழு மணிக்கு இணையத்தில் கார் ரேஸ் ஓட்டி என் மானத்தைப் பிடுங்குவார். ரேஸில் அவர் பெயர் 'கடைவாய்ப்பல்'. என் பெயர் 'மின்னல்'. ஐந்து மாதமாகப் போட்டி போடுகிறோம். மின்னல் ஒரு தடவைகூட முந்தியதில்லை. மறுநாள் காலை மதில் சுவருக்கு மேலே அவர் தலை எழும்.

"என்ன மின்னல் சார், நேத்து மேகமூட்டமா?"

நான் மோசமாக ஓட்டுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். கோளாறு முழுவதும் லேப்டாப்பில். ஆறு வருடப் பழசு. வளைவில் நான் எல்லா விரலாலும் அமுக்கித் திரும்பச் சொன்னாலும், அதன் பிராசசர் யோசித்து, ஆலோசித்து, முடிவெடுப்பதற்குள் கார் பள்ளத்தில் கிடக்கும். 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்' என்பாள் என் மனைவி. அவளுக்குப் பிராசசரைப் பற்றி என்ன தெரியும்?

வீட்டில் இருந்தது அந்த ஒரு லேப்டாப்தான். பகலில் அவளுக்கு, ஏழு மணிக்கு மேல் எனக்கு. அவள் மற்றவர்கள் வீட்டுச் சமையலறைக்கு அலமாரி வரைந்து கொடுப்பவள். வரைந்ததை நிஜப் புகைப்படம் மாதிரி மாற்றிக் காட்ட ஒரு சாப்ட்வேர் வைத்திருக்கிறாள். அந்த வேலைக்கு ரெண்டரிங் என்று பெயர். ஒரு படத்துக்கு மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள்.

ரேஸ் ஓட்டப் புது லேப்டாப் வேண்டும் என்று மனைவியிடம் நேரே கேட்கும் தைரியம் எனக்கு இருந்திருந்தால், நான் ஏன் தபால் பிரிவில் குமாஸ்தாவாக இருக்கப்போகிறேன்? ஆகவே தியாகி வேடம் போட்டேன்.

"ஏம்மா, உன்னைப் பார்த்தா பாவமா இருக்கு."

அவள் நிமிரக்கூட இல்லை. "என்ன வேணும் உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். ஒரு படத்துக்கு மூணு மணி நேரம் காத்துக் கிடக்கறியே. நல்ல பிராசசர் போட்ட லேப்டாப் ஒண்ணு வாங்கலாம்னு பார்த்தேன்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

"எனக்கேவா?"

"உனக்கே உனக்கு."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு, "சரி, நீங்களே பார்த்துச் சொல்லுங்க. எனக்கென்ன தெரியும்?" என்றாள். இருபது வருடக் குடும்ப அனுபவம் உள்ளவன் அந்த இடத்திலேயே உஷாராகியிருக்க வேண்டும். எனக்கு வெறும் பத்தொன்பது வருடம்தான் ஆகியிருந்தது.

மூன்று வாரம் பிராசசர் படித்தேன். பள்ளிக்கூடத்தில் இப்படிப் படித்திருந்தால் என் அப்பா ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். படித்ததை ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் மனைவிக்குப் பாடம் எடுத்தேன்.

"பேரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ரெண்டுக்கும் ஒரே பேர், ஒரே நம்பரா இருக்கும். கடைசி எழுத்து மட்டும் மாறும். ஒரு எழுத்து இருந்தா சாது, பேட்டரியை மிச்சம் பிடிக்கும், வேலை நடக்காது. இன்னொண்ணு இருந்தா முரடு. சூடாகும், ஆனா வேலைல புலி."

"கல்யாணத்துக்கு முன்னாடி இப்படிக் கடைசி எழுத்தைப் பார்க்கணும்னு எனக்கு யாரும் சொல்லலையே."

நான் காதில் வாங்கவில்லை. "அப்புறம் கோர். கோர்னா அடுப்பு மாதிரி. பதினாறு கோர்னா பதினாறு அடுப்பு. உன் ரெண்டரிங்கைப் பதினாறா பங்கு போட்டுச் சமைச்சு எறக்கிடும்."

"ரேஸுக்கு?"

"ரேஸுக்கு அவ்வளவு அடுப்பு வேணாம். எட்டு போதும். ஆனா ஒவ்வொண்ணும் கபகபன்னு எரியணும். கூட ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு..." நாக்கைக் கடித்துக்கொண்டேன். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"அப்ப எனக்குப் பதினாறே இருக்கட்டுங்க."

பதினாறு இருந்தால் எட்டு அதில் அடக்கம்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பழைய லேப்டாப் படுத்ததற்குப் பழியையும் அவள் மேலேயே போட்டுவைத்தேன். "ரெண்டரிங் ஓடும்போது வேற எதையும் திறக்கக் கூடாதும்மா. பிராசசருக்கு மூச்சு முட்டிடும்." அவள் இதைச் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை லேப்டாப் வந்தது. புது லேப்டாப் வருகிறது, இன்றைக்குப் பாருங்கள் என்று காலையிலேயே மதில் சுவரில் டாக்டரிடம் சவால் விட்டிருந்தேன். மாலை ஏழு மணிக்குக் கை கழுவிக்கொண்டு வந்து புது லேப்டாப்பை நெருங்கினேன்.

"தொடாதீங்க."

"மணி ஏழு."

"ரெண்டரிங் ஓடுது. வேற எதையும் திறக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு? பதினாறு அடுப்பும் எரியுது."

"இருபது நிமிஷத்துல முடிஞ்சிடுமேம்மா."

"முடியுது. அதனாலதான் அஞ்சு புது ஆர்டர் ஒத்துக்கிட்டேன். வரிசையா போட்டு விட்டிருக்கேன். நீங்க சொன்ன மாதிரியே புலிங்க."

"அப்ப நான்?"

"பழசு இனி உங்களுக்கே உங்களுக்கு. நாள் பூராவும்."

பழசில் ஓட்டினேன். பள்ளத்தில் விழுந்தேன். மறுநாள் காலை டாக்டர் தலை இரண்டு அங்குலம் உயரமாக எழுந்தது. "புதுசுலயுமா சார்?" என்று துக்கம் விசாரித்தார். நான் உள்ளே போய்விட்டேன். உண்மையிலேயே அழுகை வந்தது.

அன்று சாயங்காலம் பழசில் ரேஸைத் திறந்து வைத்துவிட்டு உட்காரப் போனேன். மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, புதுசு ரொம்ப சூடாகுது. முரட்டு எழுத்துன்னா அப்படித்தான்னு நீங்கதானே சொன்னீங்க? அடியில வைக்க விசிறி வெச்ச ஸ்டாண்டு ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க."

போனேன். கடைக்காரர் இரண்டு விசிறியா, ஆறு விசிறியா என்று குறுக்கு விசாரணை செய்து என்னை விட்டபோது எட்டு மணி. இன்றைக்குத் தோற்காமலாவது தப்பித்தேன் என்று வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை மதில் மேலே டாக்டரின் தலை எழவில்லை. கை மட்டும் வந்தது.

"கை குடுங்க சார். மூணு ரேஸ், மூணுலயும் என்னை மண்ணைக் கவ்வ வெச்சுட்டீங்க. அந்தக் கடைசி வளைவுல உள்பக்கமா நுழைஞ்சீங்க பாருங்க, ராத்திரி பூரா அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன்."

ஐந்து மாதமாக நான் கனவு கண்ட கை. விட மனசு வரவில்லை. பிடித்துக் குலுக்கினேன். "எல்லாம் பிராசசர்தான் டாக்டர். பதினாறு கோர்," என்றேன்.

உள்ளே வந்து மனைவி எதிரில் நின்றேன். "நேத்து ஏழு மணிக்கு இங்க என்ன நடந்துச்சு?"

"ரெண்டரிங் ஓடிட்டிருந்துச்சு. சும்மா உக்காந்திருக்க முடியலை. நீங்க திறந்து வெச்சுட்டுப் போனீங்களே, மூணு தடவை ஓட்டிப் பார்த்தேன்."

"எதுல?"

"பழசுலதான். புதுசைத் தொடக் கூடாதே."

"அது வளைவுல திரும்பாதே."

"பிரேக்குல இருந்து விரலை எடுத்தா திரும்புதுங்க. நீங்க பிரேக்கையும் வேகத்தையும் சேர்த்து அமுக்கறீங்க. அஞ்சு மாசமா பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா எனக்குப் புது லேப்டாப் வந்திருக்குமா?"

போகட்டும், ரகசியமாவது தெரிந்ததே. மாலை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பழசின் முன்னால் உட்கார்ந்து, பிரேக்கிலிருந்து விரலை எடுத்துப் பழகிக்கொண்டிருந்தேன். புதுசில் ஆறாவது அலமாரியை ஏற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே அவள் வந்தாள்.

"கொஞ்சம் நகருங்க. இப்பதான் டாக்டர் உங்களை மதிக்க ஆரம்பிச்சிருக்காரு. நீங்க ஓட்டினா அவருக்குச் சந்தேகம் வந்துடும்."