மதகுச் சாவியும் பபூன் தொப்பியும்

குத்தாலம் பக்கம்,
ஆடி மாதம், திங்கட்கிழமை.

அன்பு மகன் செல்லதுரைக்கு அப்பா வீரையன் தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடும் கன்றும் சௌக்கியம்.

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அரிவாள் பிடித்த விரல் பென்சிலையும் அப்படியே பிடிக்கிறது. காகிதம் இரண்டு இடத்தில் கிழிந்திருப்பது அதனால்தான். முதியோர் கல்வி வகுப்பு நூர்ஜஹான் டீச்சர், "அய்யா, அறுக்காதீங்க, எழுதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு நாள் ஆகும். ஆனாலும் அறுபத்திரண்டு வயதில் இது என் முதல் கடிதம். எவ்வளவு சந்தோஷம் என்று எழுதலாம்தான், அதற்கே இன்னொரு பக்கம் வேண்டும்.

விஷயம் அவ்வளவு சந்தோஷமானதல்ல. வாய்க்கால் மதகைத் திறந்து மூடும் லஸ்கர் வேலையை, அதுவும் கவர்மெண்டு வேலையை, எழுதிக் கொடுத்துவிட்டு நாடகக் கம்பெனியில் பபூனாகச் சேர்ந்துவிட்டாய். மதகுச் சாவியை நம் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டாய். நேற்று ஓவர்சியர் வந்தார். உன் ராஜினாமாக் காகிதத்தை மேலே அனுப்பாமல் மேசை டிராயரில் வைத்திருக்கிறாராம். "வெள்ளிக்கிழமைக்குள்ள பையன் வந்து நின்னா கிழிச்சுப் போட்டுடறேன். சனிக்கிழமைன்னா என் கையில இல்ல" என்றார். ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் நீ வந்து சேர வேண்டும். இதுதான் கடிதத்தின் முக்கியமான சங்கதி.

செவ்வாய்க்கிழமை. நேற்று அதோடு கை நின்றுவிட்டது. கம்பெனி விலாசம் வாங்க டீக்கடை அப்துல் மஜீது பாயிடம் போனேன். நம் வீட்டுக் கடிதமெல்லாம் எழுதிக் கொடுத்ததும் படித்துக் காட்டியதும் அவர்தானே. "வீரையண்ணே, குடுங்க, அஞ்சு நிமிஷத்துல நான் எழுதிடறேன். இல்ல, ஒரு தந்தி அடிச்சுப் போடுவோம், நாளைக்கே கிடைச்சிடும்" என்றார். "பாய், முப்பது வருஷமா என் வீட்டு சமாச்சாரத்த நீங்கதான் முதல்ல படிச்சீங்க. இது ஒண்ணையாவது எம்மவன் முதல்ல படிக்கட்டும்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு டீ கொடுத்து, காகிதத்தை எட்டிப் பார்த்து, "முக்கியமான சங்கதின்னு இருக்கே, என்னண்ணே அது?" என்றார். மூடிக்கொண்டேன்.

திரும்பி வந்தால் வாசலில் பண்ணை கல்யாணம் ஐயர் நிற்கிறார். போன அறுவடையில் கூலி நெல் அரை மரக்கால் கூட்டிக் கேட்டு நாங்கள் களத்தில் இறங்காமல் இருந்தபோதுகூட நம் தெருவுக்குள் வராதவர். "வீரையா, சௌக்கியமா? உன் புள்ளையாண்டான் போயிட்டானாமே. சாவி உங்கிட்டதானே இருக்கு? மேட்டு நாத்தங்கால் காயறதுடா, சித்த திறந்து விடேன்" என்றார். "நாளைக்குக் கடைமடை முறைங்க, சாமி. ஓவர்சியர் சொல்லாம தொடமாட்டேன்" என்றேன். அவர் போன அரை மணியில் கடைமடை ஆட்கள் பத்துப் பேர் வந்து, ஐயருக்குத் திறந்துவிட்டேனா என்று என்னைச் சண்டைக்கு இழுத்தார்கள். நம் ஆட்கள்தான். ஒருவன் கையில் மண்வெட்டி இருந்தது. உன் அம்மா தங்கம்மாள் விளக்குமாறோடு வெளியே வந்த பிறகுதான் போனார்கள்.

மூன்று வருடம் நீ இதற்கு நடுவில்தான் நின்றாயா? சாவி வந்த பிறகு எனக்கு ஊரில் எல்லோரும் வழிவிட்டார்கள். சாவிக்காரன் அப்பன் என்று தலையை நிமிர்த்தி நடந்தேன். உன் பக்கம் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. போன வருடம் உன் தோளில் கட்டுப் போட்டிருந்ததற்கு வழுக்கி விழுந்ததாகச் சொன்னாய். நானும் நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது.

வியாழக்கிழமை. நேற்று கை வலி, எழுதவில்லை.

உன் அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன். "பெர்மனென்ட் ஆகப்போற நேரத்துல மூஞ்சில சுண்ணாம்பு பூசிக்கிட்டு ஆடப் போயிட்டான். பபூனுக்கு எவ பொண்ணு குடுப்பா? நானே குடுக்க மாட்டேன்." இதையும் எழுதினேனா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எத்தனை வரி எழுதினேன் என்று எண்ணுகிறாள். அவள் பேச்சுக்கு இன்னும் நாலு வரி பாக்கி என்கிறாள்.

வெள்ளிக்கிழமை. ஆகவே மகனே, இன்றைக்குள் வந்து சேரவும். மாரியம்மன் உன்னைக் காப்பாள். வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் கம்பெனி முதலாளிக்கும் ஆர்மோனியக்காரருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அப்பா
வீரையன் (கையெழுத்து)

பின்குறிப்பு: சனிக்கிழமை. மறந்துபோனதை எழுத இந்த இடம் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்தார். நான் எதையும் மறக்கவில்லை. புதன்கிழமை எனக்குக் கை வலியும் இல்லை. அக்கரை மாரியம்மன் திருவிழாவில் உங்கள் நாடகத்துக்கு வந்திருந்தேன். துண்டைத் தலையில் போர்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தேன். ஐயருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். முதலில் பபூன்தானே வர வேண்டும், நீ வந்தாய். உன் உயரத்துக்கு ஒரு அட்டைச் சாவியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாய். மிராசுதார் வேஷக்காரர் ஒரு கையை இழுக்கிறார், கடைமடைக்காரர் இன்னொரு கையை இழுக்கிறார். நீ நடுவில் நின்று, "யோவ், சாவிதான்யா எங்கிட்ட இருக்கு, தண்ணி மேட்டூர்ல இருக்கு!" என்று அழுதாய். கொட்டகையே அதிர்ந்தது. நான் சிரித்த சிரிப்பில் துண்டு நழுவியது. ஐயர் திரும்பிப் பார்த்தார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவரையொருவர் பார்த்ததும் இருவரும் சட்டென்று நிறுத்திக்கொண்டோம். அடுத்த வசனத்துக்கு மறுபடி சிரித்துவிட்டோம்.

மேடைக்கும் எனக்கும் இருபது அடிகூட இல்லை. நீ இறங்கி வந்ததும் ஓவர்சியர் சொன்னதை ஒரு வாயில் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். இரண்டு மைலில் வந்து ஆடிவிட்டு நீ வீட்டுக்கு வரவில்லை. அவ்வளவு தூரம் வந்தும் நான் உன்னைப் பார்க்கவில்லை. சரிக்குச் சரி.

இன்று காலை சாவியைக் கொண்டுபோய் ஓவர்சியரிடம் ஒப்படைத்தேன். ரசீதில் ரேகை வைக்க மைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "பேனா குடுங்க சார்" என்றேன். அவர் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது நான் இரண்டாம் எழுத்தில் இருந்தேன். முடிக்கும்வரை நின்று பார்த்தார். அதற்கப்புறம்தான் டிராயரைத் திறந்து உன் காகிதத்தை மேலே அனுப்பும் கட்டில் வைத்தார். நான் தடுக்கவில்லை.

தபால் தாமதத்தால் உனக்குச் சேதி கிடைக்கவில்லை என்று உன் அம்மாவிடம் சொல்லப்போகிறேன். நீயும் அப்படியே சொல். அவளும் திங்கட்கிழமையிலிருந்து வகுப்புக்கு வருகிறாளாம், ஆகையால் இந்தக் கடிதத்தை வீட்டுப் பக்கம் கொண்டுவராதே. அடுத்த வாரமும் உனக்குக் கடிதம் உண்டு. அது நேரத்துக்கு முடிய வேண்டுமென்றால் இன்று மத்தியானமே உட்கார வேண்டும், உட்காருகிறேன்.