விளக்கெண்ணெய் குடித்த கிராமபோன்

நோயாளி இருக்கும் வீட்டில், நோயை விட ஆபத்தானவன் ஒருவன் இருப்பான். ஏதாவது செய்தே தீரவேண்டும் என்று துடிக்கிறவன். கடத்தூருக்குப் பக்கத்தில், மாதா கோயில் தெருவில் இருந்த எங்கள் வீட்டில் அந்த ஆள் நான்தான். அப்போதுதான் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். (அதாவது, உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.)

அண்ணன் சவரிமுத்து பெங்களூரில், பியானோவும் இசைத்தட்டும் விற்கும் கடையில் வேலை பார்த்தார். பியானோக்களைத் துடைக்கப் போனவர், சில வருடங்களில் அடுத்த அறையில் இருந்தபடியே இசைத்தட்டில் வாசிப்பது யார் என்று சொல்லுமளவுக்கு ஆகிவிட்டார். யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது காசநோயோடு ஊர் திரும்பினார். கூடவே ஒரு கிராமபோனும் கொஞ்சம் இசைத்தட்டுகளும் வந்தன.

சாயங்காலத்தில் அதைச் சுற்றி உட்காருவோம். கடுகு வெடிப்பது போன்ற இரைச்சலுக்குப் பின்னாலிருந்து பியானோ எழும். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் முடிவில், "பாட்டு எப்பப்பா வரும்?" என்பார்.

"இதுதாம்ப்பா பாட்டு."

"ஆளு வாயே தொறக்கலியே!"

ஒரே இசையை இரண்டு பேர் வாசித்த தட்டுகள் அண்ணனிடம் இருந்தன. ஒருவர் இளையவர். இன்னொருவர் ஐரோப்பாவின் மாபெரும் மேதை, தள்ளாத வயதில் வாசித்தது. "சின்னவரு எல்லாத்தையும் சரியா வாசிக்கிறாரு. கெழவரு ஒரு எடத்துல வெரல் தவறிடறாரு. தவறிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி மேல போறாரு பாரு. அதுக்காகத்தாண்டா நான் காத்துக்கிட்டே இருப்பேன்" என்பார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. ஆனாலும் தலையை ஆட்டுவேன்.

ஐப்பசி மழையில் நோய் முற்றியது. கிராமபோன் பரணுக்குப் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும், அண்ணன் உள்ளறைக் கட்டிலிலிருந்து மெல்லக் கேட்டார்: "தம்பி, கெழவர ஒருக்கா போடறியா?"

இறக்கினேன். சாவி கொடுத்தேன். அசையவில்லை. யுத்த காலத்தில் மெஷின் எண்ணெய்க்கு எங்கே போவது? மாடத்தில் விளக்கெண்ணெய் இருந்தது. (எனக்கு வயிறு சரியில்லாதபோதெல்லாம் அம்மா அதைத்தானே ஊற்றினாள்? பெட்டிக்கு மட்டும் ஆகாதா?) தாராளமாக ஊற்றினேன். ஊசிகள் மழுங்கிப் போயிருந்தன. வேலியிலிருந்து கருவேல முள் ஒன்றைப் பறித்துச் செருகினேன். என் திறமையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

தட்டு சுழன்றது. சுழன்றது என்று சொல்வதே அதிகம். பிசுபிசுத்த விளக்கெண்ணெயில் முக்கி முனகி நகர்ந்தது. பியானோ ஒலிக்கவேண்டிய இடத்தில் "ஊ... ஊ... ம்ம்..." என்று அடிவயிற்றிலிருந்து ஓர் ஓலம் கிளம்பி, தேம்பித் தேம்பி இறங்கியது.

அந்த நேரம் பார்த்து ஆரோக்கியம் அத்தை, அண்ணனுக்கு நாட்டுக்கோழி ரசம் எடுத்துக்கொண்டு தெருவில் வந்துகொண்டிருந்தாள். அப்பாவின் தங்கை. ஒப்பாரிக்குச் சுற்றுப்பட்டு ஊர்களிலெல்லாம் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஓலம் காதில் விழுந்ததும் சட்டியை வாசலில் போட்டுவிட்டுக் கூந்தலை அவிழ்த்தாள்.

"என் ராசா... வெங்களூரு சீமையில வெள்ளக்காரன் பொட்டி தொடச்ச கையி, வேர்வ தொடைக்க ஆளில்லாமப் போச்சுதா..."

அவ்வளவுதான். தெருவே திரண்டது. பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, கோயிலில் உபதேசியார் துக்க மணி அடிக்க ஆரம்பித்துவிட்டார். நான் பெட்டியை நிறுத்தப் பார்த்தேன். நிறுத்தும் கட்டையிலும் எண்ணெய், பிடிக்கவில்லை. "சாவலைங்க! பாட்டுங்க! இது பாட்டுங்க!" என்று கத்தினேன். பையனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போது அண்ணன் சுவரைப் பிடித்தபடி வந்து நிலையில் சாய்ந்து நின்றார்.

"இன்னுங் கொஞ்சம் பாடுங்க அத்தே. நல்லாருக்குது."

அத்தை மயங்கி விழுந்தாள். அண்ணன் சிரித்தார். ஊருக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பே அவருக்கு இருமலாக மாறியது. துண்டில் ரத்தத்தைப் பார்த்ததும் வீடு அடங்கிப்போனது.

மயக்கம் தெளிந்து எழுந்த அத்தையிடம் அவர் சொன்னார்: "நான் போனப்புறம் பாடினா எனக்குக் கேக்காதில்ல? இப்பவே கேட்டுட்டேன், வுடுங்க."

தை பிறப்பதற்குள் போய்விட்டார். நடுப்பகல் நேரம். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். யாரும் வரவில்லை. வெகுநேரம் நாங்கள் மூன்று பேரும் அவரோடு தனியாக உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டில் மாமியார் மருமகளிடம் சொல்வது சுவர் தாண்டிக் கேட்டது: "வாத்தியாரு மறுபடியும் பொட்டியத் தொறந்துட்டாரு, நீ சோத்தப் போடு."

நான்தான் எழுந்து போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, என் அண்ணன் செத்துப்போனது உண்மை என்று சொல்லி நம்பவைக்க வேண்டியிருந்தது. மணிக்கயிற்றைக் கையில் பிடித்தபடி உபதேசியார் என் முகத்தையே பார்த்தார். "நெசந்தானா தம்பி? பொட்டி இல்லியே?" என் அழுகையைப் பார்த்த பிறகுதான் அவர் கயிற்றை இழுத்தார்.

அத்தை வந்து அண்ணனின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். பெண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு வரவில்லை. "அன்னிக்கே எல்லாத்தயும் பாடித் தீத்துட்டேனே சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு, எடுக்கும் வரை அவர் பாதங்களைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பல வருடங்கள் கழித்து, பெங்களூரில் என் மருமகன் அதே இசையைப் புதிய ஒலிப்பதிவில் போட்டுக் காட்டினார். கடுகு வெடிக்கவில்லை. ஒவ்வொரு சுரமும் கழுவித் துடைத்த மாதிரி விழுந்தது. நான் அந்த ஓரிடத்துக்காகக் காத்திருந்தேன். விரல் தவறவேயில்லை. "எப்படி இருக்குதுங்க மாமா?" என்றார். "ரொம்பச் சரியா வாசிக்கிறாருங்க மாப்பிள்ளை" என்றேன். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அண்ணனின் முகம் தெரியாது. ஆனால் எந்தச் செய்தி வந்தாலும், பரீட்சையில் பாஸ் என்றாலும் பெண் நிச்சயம் என்றாலும், "நெசமா, பொட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேலே பேசுவார்கள். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் சாவுச் செய்தி வரும்போது மட்டும் நானும் அதையே கேட்டுவிடுகிறேன், சத்தமில்லாமல். பதில் வருவதற்குள், பொட்டிதான் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்றிருக்கிறது.