நாற்காலியில் உட்கார்ந்த பை

பெரியம்மா பையை நாற்காலியில் உட்கார வைத்தாள். அப்பா நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலி மொத்தம் நாலு. ஒன்றில் பெரியம்மா, ஒன்றில் அம்மா, ஒன்றில் நான். நாலாவது அப்பாவுடையது. அதில்தான் பை.

"கீழ இறக்கி வைக்கட்டுமா அண்ணி?" என்று அப்பா கையை நீட்டினார்.

"ஐயோ தம்பி, தரையில வைக்கக் கூடாதாம். அதுக்கு ஆகாதாம்."

"எனக்கும் நிக்கிறது ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"பரவாயில்லை, நீங்க நம்ம வீட்டு மனுஷர்தானே."

பை தேன் நிறம். இரண்டு கைப்பிடி. முன்னால் குட்டியாக ஒரு பித்தளைப் பூட்டு. அடியில் வாயில் நுழையாத வெளிநாட்டுப் பெயர்.

"புதுசா?" என்றார் அப்பா.

"புதுசு யாரால முடியும்? ஒருத்தர் கையில இருந்துட்டு வந்ததுதான். பார்த்தா தெரியுதா?"

"சகலை வாங்கிக் குடுத்தாரா?"

பெரியம்மா டீயை ஒரு வாய் குடித்தாள். "அவருக்கு மனசு பெரிசு தம்பி" என்றாள்.

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. ஆனால் அப்பா அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

இந்தக் கால் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்கிறவர் பக்கம் ஒரு பிரேக், அப்பா பக்கம் ஒரு பிரேக். அதை மிதித்து மிதித்துப் பழகி, பயம், கோபம், பொறாமை எது வந்தாலும் அவர் கால் தானாக மிதிக்கும். வீட்டில் பிரேக் இல்லை. எதுவும் நிற்காது.

அவருக்குப் பெரியப்பாமேல் பொறாமை எப்போதும் உண்டு. பெரியப்பா டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் வண்டி மாற்றினால் அப்பாவுக்கு ஜுரம் வரும். அவருக்கு முடி கொட்டியபோதுதான் எங்கள் வீட்டில் ஒரு மாதம் நிம்மதி இருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம். பெரிய சாமான் வருஷத்துக்கு ஒன்றுதான். ஒரு வருஷம் அம்மா முறை, அடுத்தது அப்பா முறை. போன வருஷம் அம்மா முறை, துணி துவைக்கும் மெஷின் வந்தது. இந்த வருஷம் அப்பா முறை. எனக்கு முறையே கிடையாது. கேட்டால், "நீ பள்ளிக்கூடத்தை ஒழுங்கா முடிச்சிருந்தா யோசிச்சிருப்போம்" என்பார்கள். நான் பாதியில் நின்று, அப்பாவின் ஆபீசில் போன் எடுக்கிறேன். பள்ளிக்கூடத்தை முடித்த பெரியப்பா மகனுக்கும் முறை கிடையாது. அதை யாரும் பேசுவதில்லை.

அப்பா இந்த வருஷம் வாங்கப் போவது முதுகு பிடித்துவிடும் நாற்காலி. பட்டனை அழுத்தினால் உள்ளேயிருந்து யாரோ முட்டியால் உருட்டுவது போல இருக்கும். வாரா வாரம் கடைக்குப் போய் அதில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கடைப் பையன்கள் அவரைச் சுற்றிப் பெருக்கப் பழகிவிட்டார்கள்.

அந்த நாற்காலிதான் இந்தக் கதையில் போனது. எப்படிப் போனது என்று சொல்கிறேன்.

அம்மாவும் பெரியம்மாவும் கோப்பை கழுவ உள்ளே போனார்கள். அக்கா தங்கை இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கழுவுகிற அளவுக்கு அங்கே கோப்பை இல்லை. அப்பா சட்டென்று குனிந்து பையைத் திறந்து உள்ளே பார்த்தார். மோந்தும் பார்த்தார். சட்டைப் பையில் பச்சைப் பேனா. மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. குனிந்ததில் பேனா பைக்குள் விழுந்தது. பதறி எடுத்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"பேசாம இரு."

இருந்தேன்.

பெரியம்மா போன பிறகு அப்பா தன் நாற்காலியில் உட்காரவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா உன் அத்தானை? சொல்லாம கொள்ளாம வாங்கிக் குடுத்திருக்கார்."

"அவர் வாங்கிக் குடுத்தார்னு யார் சொன்னா?" என்றாள் அம்மா.

"பின்ன பை தானா நடந்து வந்துச்சா?"

"எனக்கென்ன தெரியும். அவ்வளவு உறுத்துதுன்னா அத்தானுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"நானா? அந்த ஆளுக்கா? 'சகலை, பை எங்க வாங்கினீங்க'ன்னு? அதுக்கு நான் தெருவுல உருளலாம்."

"இந்தாங்க." அம்மா தன் போனில் நம்பரையே எடுத்து நீட்டினாள். "பச்சையை அமுக்கினா போதும்."

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அம்மா போனை வைத்துவிட்டாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

அம்மா பல் ஆஸ்பத்திரியில் முன்மேசையில் இருக்கிறாள். வலியோடு வருகிறவனை "உட்காருங்க, கூப்பிடறேன்" என்று உட்கார வைப்பதுதான் வேலை. எவ்வளவு நேரம் உட்கார்ந்தால் ஒருவன் தானாக எழுந்து வந்து "பல்லைப் பிடுங்கிடுங்கம்மா" என்பான் என்று அவளுக்கு அத்துப்படி.

அதற்கப்புறம் அவள் பை என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, ஜன்னல் ஓரத்தில் அப்பாவின் நாற்காலிக்கு இடம் அளந்தாள்.

"இங்க போட்டா காத்து வரும். நல்லா படுத்துக்கலாம்."

"ம்."

"அக்கா வீட்ல இந்த மாதிரி நாற்காலி கிடையாது. பாவம் அத்தான். தனக்குன்னு எதுவும் செஞ்சுக்க மாட்டார்."

"ம்."

"எல்லாரும் ஒரே மாதிரி இருக்க முடியுமா? உங்களுக்கு முதுகு வலி. அத்தானுக்கு மனசு அப்படி."

கால் மிதித்தது.

அந்த வாரம் முழுக்க அப்பா பையாகவே பார்த்தார். கார் பழக வந்த டீச்சரிடம், "கண்ணாடியைப் பாருங்க, பின்னாடி பாருங்க, இந்தப் பை எவ்வளவு?" என்று கேட்டார். டீச்சர் குப்பைத் தொட்டியை இடித்தார். ஒரு பல் டாக்டரும் ஒரு வங்கிக்காரரும் கார் பழக வந்தார்கள். இருவரிடமும், "நீங்க வீட்ல பை வாங்கிக் குடுத்திருக்கீங்களா?" என்று விசாரித்தார். வங்கிக்காரர் வேறு பள்ளிக்கு மாறிவிட்டார்.

கடைசியில் என்னிடம் வந்தார். "கிளம்பு. உங்கம்மாகிட்ட சொல்லாத."

கைமாறிய விலை உயர்ந்த பைகளுக்கென்றே கடைத்தெருவில் ஒரு கடை இருக்கிறது. மெல்லிய விளக்கு. கண்ணாடி அலமாரி. கையுறை போட்ட ஓர் அக்கா.

"ஒண்ணுதான் வாங்கப் போறோம். இந்த வருஷத்துக்கு ஒண்ணே ஒண்ணு. அதனால நல்லா பார்த்துதான் எடுப்பேன்" என்று அப்பா முன்கூட்டியே எச்சரித்தார்.

பார்த்தார். அவருக்குத் தெரிந்தது பழைய கார் பார்க்கிற வித்தைதான்.

"எத்தனை ஓனர்?"

"ஒருத்தர்தான் சார்."

"அடி பட்டதா?"

"இது பை சார்."

"மூலை நசுங்கியிருக்கே. ஒரிஜினல் பெயின்ட்டா, மறுபடி அடிச்சதா?"

ஒரு கறுப்புப் பையைத் தட்டிப் பார்த்தார். ஒரு சிவப்புப் பையின் ஜிப்பை ஆறு தடவை திறந்து மூடினார். இன்னொன்றைத் தோளில் மாட்டி, கடைக்குள் ஒரு சுற்று நடந்து, ரிவர்ஸிலும் வந்தார். கண்ணாடிக்கு வெளியே ஜனம் நின்றது. எனக்கு மானம் போனது.

அப்போதுதான் மூன்றாவது அலமாரியில் அந்தத் தேன் நிறத்தைப் பார்த்தார். அதே பூட்டு. அதே கைப்பிடி.

"இதேதான். அண்ணி வச்சிருந்தது அச்சு அசல் இதேதான்."

"அதான் பெரியம்மாகிட்ட இருக்கே. வேற எடுங்க" என்றேன்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அவகிட்ட மட்டும் இருந்தாதான் அது பெருமை. நம்ம வீட்லயும் அதே இருந்தா அவ பைக்குப் பாதி மதிப்புதான்."

பொறாமைக்கு இவ்வளவு கணக்கு தெரியும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கடை அக்கா பையை எடுத்துத் திறந்து காட்டினாள். "ஒரு விஷயம் சொல்லிடறேன் சார். உள்துணியில ஒரு சின்னப் புள்ளி இருக்கு. வாங்கறதுக்கு முன்னாடி வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பார்க்கறதுக்கு நாங்க விடுவோம், முன்பணம் கட்டினா. ஒரு அம்மா அப்படி எடுத்துட்டுப் போனாங்க. திரும்பி வந்தப்ப இது இருந்துச்சு. அதுக்குத் தகுந்த மாதிரி விலை குறைச்சிருக்கேன்."

எட்டிப் பார்த்தேன். பச்சைப் புள்ளி. அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தேன். பச்சைப் பேனா.

"அப்பா."

"பேசாம இரு. விலை பேசிட்டிருக்கேன்." அக்காவிடம் திரும்பினார். "எவனோ அறிவு கெட்டவன் பேனாவைப் போட்டிருக்கான். இதைப் போய் நான் வாங்கணுமா? இன்னும் குறைங்க."

"அப்பா, அந்தப் புள்ளி..."

"அந்தப் புள்ளிதான் நமக்குச் சாதகம். நீ வெளிய போய் நில்லு."

நிற்பதற்காகத் திரும்பினேன். கதவைத் திறந்துகொண்டு பெரியப்பா உள்ளே வந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் பையைப் பார்த்தார்கள். பெரியப்பா முகம் கறுத்தது.

"என்ன சகலை, இந்தப் பக்கம்?"

"சும்மா சகலை. நீங்க?"

"நானும் சும்மா."

சும்மா வந்த இருவரும் பையில் கை வைத்தார்கள். அப்பா ஒரு கைப்பிடி, பெரியப்பா ஒரு கைப்பிடி.

"ஒண்ணு பத்தலையா சகலை?" என்றார் பெரியப்பா.

"அதை நீங்க கேக்கறீங்களா?"

"நான் ஏன் கேக்கக் கூடாது?"

"அதான் நானும் கேக்கறேன்."

இரண்டு பேரும் புரிந்தது போலச் சிரித்தார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. அக்கா, "தையல் விட்டுடும் சார்" என்றாள். அப்பா பாக்கி வைக்காமல் சொன்ன விலைக்கே வாங்கினார். அதுவரை பேசிக் குறைத்ததை எல்லாம் மறந்துவிட்டார். அவர் கால் கல்லாப்பெட்டியின் அடியில் மிதித்து மிதித்துப் பார்த்தது.

"இதைவிடப் பெரிசா எது இருக்கும்மா?" என்று பெரியப்பா கேட்பது நாங்கள் வெளியே வரும்போது காதில் விழுந்தது. ஜெயித்துவிட்டு வந்த அப்பாவின் முகம் அங்கேயே வாடிப்போனது.

வீட்டுக்கு வந்து பையை அம்மாவின் மடியில் வைத்தார்.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்றாள் அம்மா. "உங்க முறையாச்சே. நாற்காலி?"

"நாற்காலி கிடக்குது."

"யோசிச்சுதான் செஞ்சீங்களா? அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது. நான் கேக்கவே இல்லை."

"கேட்டுதான் வாங்கணுமா? எனக்கும் மனசு இருக்கு."

அம்மா பையைத் திறந்தாள். உள்ளே கையை விட்டாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வீட்டுச் சாவியை ஓரத்துக் கொக்கியில் மாட்டினாள். அந்தக் கொக்கி எங்கே இருக்கிறது என்று குனிந்து தேடவில்லை. கைக்குத் தெரிந்திருந்தது.

நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். "போய் டீ போடு" என்றாள்.

டீ கொதிக்கும்போது அப்பாவின் போன் அடித்தது. பெரியப்பா. அவர் குரல் எப்போதும் கூடம் முழுக்கக் கேட்கும்.

"சகலை, மனசு கேக்கலை. அதான் போட்டேன். என் பெருமையை விட்டுக் கேக்கறேன். முதல்ல ஒண்ணு வாங்கினீங்களே, அது எங்க? ரெண்டு எதுக்கு உங்களுக்கு?"

"நான் எங்க முதல்ல வாங்கினேன்? நீங்கதானே அண்ணிக்கு வாங்கினீங்க?"

"நானா? நான் இன்னைக்குத்தான் வாங்கினேன். உங்களோட போட்டி போட்டு. உங்க வீட்டம்மா அந்தத் தேன் கலர் பையோட எங்க வீட்டுக்கு வந்துச்சே, நான் எழுந்து நாற்காலி குடுத்தேனே. பைக்கு."

"எப்போ?"

"போன ஞாயித்துக்கிழமை."

"அண்ணி எங்க வீட்டுக்கு வந்தது சனிக்கிழமை" என்றார் அப்பா மெதுவாக.

இரண்டு பக்கமும் இரண்டு ஆண்கள் மூச்சு விட்டார்கள்.

"சகலை."

"சொல்லுங்க சகலை."

"வச்சிடறேன்."

வைத்துவிட்டார். அப்பா திரும்பினார். அம்மா பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாடகைக்கு எடுத்தீங்களா ரெண்டு பேரும்?"

"முன்பணம்தாங்க. கடையில திருப்பிக் குடுத்துட்டாங்க. புள்ளிக்குக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டாங்க. யாரோ பேனாவைப் போட்டுட்டாங்களாம்."

அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என்னை ஏமாத்திட்டே."

"நான் என்ன பொய் சொன்னேன்? ஒண்ணு சொல்லுங்க."

அப்பா விரல் விட்டு எண்ணப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

"அடுத்த வருஷமாவது நாற்காலி?"

"அடுத்த வருஷம் என் முறைங்க."

உட்காரலாம் என்று தன் நாற்காலிப் பக்கம் போனார். அம்மா துடைத்து முடித்த பையை அதில் வைத்தாள். தரை அதற்கு ஆகாது.

அப்பா நின்றார். முதுகைப் பிடித்துக்கொண்டார். வலது கால் மெல்லத் தரையை அழுத்தியது. அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கத்தான் இருந்தது. பெரியம்மா வந்துபோன அன்றைக்கே அம்மா அதை அவர் கையருகில் நீட்டினாள். அத்தானுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள், பச்சையை அமுக்கினால் போதும் என்றாள்.

அப்பா அமுக்கவில்லை.